தலைவரின் சாவுக்கு ஒரு சோதனை ஓட்டம்

எங்கள் மரண உதவிச் சங்கத்தில் நூற்றுப் பதினெட்டுக் குடும்பங்கள். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை போகும் வீதியில் மூன்று கிலோமீற்றருக்குள் எல்லோரும் அடக்கம். பல்லேபொலப் பக்கம் வீடு கட்டிப் போன இரண்டு குடும்பங்கள் மட்டும் வெளியே. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டார் அழுவதைத் தவிர வேறு வேலை செய்யக் கூடாது என்பது சங்கத்தின் நோக்கம். மற்ற வேலைகள் ஒன்பது. கதிரை, பந்தலுக்குத் தறப்பாள், விளக்கு, விறகு, தேத்தண்ணி என்று போகும். எந்த வேலை எந்தக் குடும்பத்துக்கு என்று ஒரு பட்டியல் எழுதி, சந்தியில் இருக்கும் போட்டோகொப்பிக் கடையின் கதவில் ஒட்டுவோம். பட்டியலில் பெயர் வந்தவர் சாக்குச் சொல்லக் கூடாது. இது நான்காம் விதி. சாவு வீட்டுக்குப் போன் எடுத்து எதையும் விசாரிக்கக் கூடாது, பொருளோடு போய் நிற்க வேண்டும். இது ஐந்தாம் விதி. விதிகள் மொத்தம் பதினொன்று. மற்ற ஒன்பதும் இங்கே வேண்டாம்.

நான் சங்கத்தின் செயலாளர். கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். பட்டியலைக் கையால் போட்ட காலத்தில் ஒவ்வொரு சாவுக்கும் சராசரியாக இரண்டு சண்டை வந்தது. “போன தடவையும் நான்தானே விறகு?” என்று பாடையைத் தூக்கும்போதுகூட ஒருவர் கேட்டார். ஆகவே ஓய்வுபெற்ற பிறகு பதினான்கு மாதம் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினேன். செத்தவரின் பெயரைக் கொடுத்தால், யார் எந்த வேலையைச் செய்து அதிக நாளாயிற்று என்று பார்த்து, ஒரு குடும்பத்துக்கு ஒன்றுக்கு மேல் போகாமல், அது பட்டியலைப் போடும். பழைய மேசைக் கம்பியூட்டர் ஒன்றில், இலவசமாகக் கிடைத்த லினக்ஸில் அது ஓடியது. ஒன்பது வருடத்தில் நாற்பத்தோரு சாவு, ஒரு சண்டைகூட இல்லை.

பிறகு ஒரு பல்லி அந்தக் கம்பியூட்டரின் பின்பக்கத்து ஓட்டைக்குள் போய்ச் செத்தது. கம்பியூட்டரும் செத்தது.

அந்த வாரமே பாலத்தடியில் ஒரு சாவு. பட்டியலை ஞாபகத்தில் போட்டேன். நூற்றிருபது கதிரை வந்தது, அறுபதுக்குத்தான் இடம். தறப்பாள் ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்விட்டது. தேத்தண்ணி யாருக்கும் சொல்லப்படவில்லை. வெயிலில் இருநூறு பேர் காய்ந்து, நாக்கு வறண்டு, அழவும் முடியாமல் திரும்பிப் போனார்கள்.

இதைக் கேட்டு மிகவும் பயந்தவர் எங்கள் தலைவர். வயது எண்பத்தாறு. முப்பத்து நான்கு வருடம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவர். இலையை முகர்ந்து பார்த்தே எந்த மலையில் பறித்தது என்று சொல்வார். அப்போது அவர் படுக்கையில் விழுந்து பத்து நாள் ஆகியிருந்தது. டொக்டர் நாள் குறிக்கவில்லை, ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லியனுப்பச் சொல்லியிருந்தார். நான் பார்க்கப் போனபோது தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாஸ்டர், இருநூறு பேருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி இல்லையாமே?”

“பிழைதாங்க ஐயா.”

“என் சாவுலயும் அப்படி நடந்தா, டீமேக்கர் சாவுல தேத்தண்ணி இல்லைன்னு மூணு தலைமுறைக்குச் சொல்லிச் சிரிப்பானுங்க. அந்த புரோகிராம் சரிவர்ற வரைக்கும் நான் போக மாட்டேன். வெளங்குதா? நீங்க சுருக்காப் பாருங்க. எனக்கு முடியல.”

இப்படியாக ஒரு மனிதருடைய சாவு என் கைக்கு வந்தது.

வீட்டில் இருந்தது மகள் விட்டுப்போன ஒரு லெப்டொப். அதில் விண்டோஸ். போட்டோகொப்பிக் கடை நானாவிடம் கொண்டுபோனேன். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சந்தியில் கம்பியூட்டர் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

“லினக்ஸுக்குன்னு வேற மெஷின் தேவல்ல சேர்” என்றார். “விண்டோஸுக்குள்ளயே அத குடிவெக்கலாம். பெரிய ஊட்டுல ஒரு ரூம் குடுக்கிற மாதிரி.”

“ரெண்டும் சண்டை பிடிக்காதா?”

“வந்தவருக்கு விண்டோஸ் பாஷை தெரியாது, ஊட்டுக்காரருக்கு லினக்ஸ் பாஷை தெரியாது. நடுவுல ஒரு ஏற்பாடு ஈக்கிது, அது பேசிக்கொள்ளும். பயப்படாதீங்க.”

பழைய கம்பியூட்டரின் வட்டைக் கழற்றி, என் கோப்புகள் பதினொன்றையும் லெப்டொப்புக்கு மாற்றித் தந்தார். நான் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, சரிபார்த்து, ஒரே இடத்தில் சேர்த்து, மறுநாள் காலை கடைக்குக் கொண்டுவந்தேன். புரோகிராமை ஓடவிட்டோம். இருபத்துமூன்று வரி ஏச்சு வந்தது. இந்தக் கட்டளையைத் தெரியாது, அந்த அடைப்புக்குறி புரியவில்லை, இங்கே என்ன சொல்ல வருகிறாய் என்று ஆங்கிலத்தில் திட்டியது. முதல் வரியின் நடுவில் ஒரு சின்னச் சதுரப் பெட்டி தெரிந்தது. திரைக்கு ஏதோ கோளாறு என்று நான் அதை விட்டுவிட்டேன்.

நானா தானே நாலு வரியில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதி ஓட்டினார். அது உடனே ஓடி ஸலாம் சொன்னது. என்னுடையது மறுபடி இருபத்துமூன்று வரி.

அடுத்த நாலு நாளில் லினக்ஸை மூன்று தரம் அழித்துக் குடிவைத்தோம். லெப்டொப்பைப் பதினான்கு தரம் அணைத்துப் போட்டோம். வைரஸ் காவலை நிறுத்தினோம். விண்டோஸ் எழும்புவதற்கு முன்னால் வரும் நீலத் திரைக்குள் போய் ஒரு விசையைத் திறந்தோம். அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது, ஆகவே மூடித் திறந்தோம். கோப்புகளை வேறு இடத்துக்கு மாற்றினோம். பெயரைச் சுருக்கினோம். இருபத்துமூன்று வரி. ஒரு தடவைகூட இருபத்திரண்டாகவில்லை.

தினமும் நாலரைக்குத் தலைவரிடம் போவேன்.

“என்ன மாஸ்டர், சரியாயிருச்சா?”

“இன்னும் இல்லைங்க.”

“அப்ப இன்னிக்குப் போக ஏலாது.” மகளைப் பார்த்துத் திரும்புவார். “கஞ்சி இருந்தாக் கொண்டா. சாப்புட்டு வைக்கிறேன்.”

ஐந்தாம் நாள் காலை நானா கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டார்.

“சேர், ஒண்டு கேட்டாக் கோவிக்கக் கூடாது.”

“கேளுங்க நானா.”

“எல்லாக் கோப்புலயும் மேல ஒரு எழுத்து ஈக்கிதே.”

“எந்த எழுத்து?”

பேனா மூடியால் காட்டினார். திரையைத் தொடாமல், அரை அங்குலம் தள்ளிப் பிடித்துக் காட்டினார். கோப்பின் முதல் வரியில், நடு மத்தியில், ‘உ’ என்று பிள்ளையார் சுழி.

நான்தான் போட்டிருக்கிறேன். புதுக் கம்பியூட்டர், புதுத் தொடக்கம். வீட்டில் ஒவ்வொரு கோப்பையும் திறந்தபோது, புதுக் கொப்பியைத் திறந்தால் கை என்ன செய்யுமோ அதைச் செய்திருக்கிறது. பழைய கம்பியூட்டரில் எழுதியபோது முதலில் தாளில் எழுதினேன். சுழி தாளோடு நின்றுவிட்டது. இங்கே நேரே கோப்புக்குள் போய்விட்டது. அறுபத்தைந்து வருடமாக எழுதிய ஒவ்வொரு தாளின் தலையிலும் இருக்கிற எழுத்து, அதனால் என் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. லினக்ஸுக்கோ முதல் வரியின் முதல் எழுத்திலிருந்தே, இது எந்தப் பாஷையில் எழுதப்பட்டது என்ற அறிவிப்பு இருக்க வேண்டும். முதலிடத்தில் பிள்ளையார் உட்கார்ந்திருந்ததால் அறிவிப்பு இரண்டாம் வரிக்குப் போய்விட்டது. அது வாய்க்கு வந்த பாஷையில் வாசித்து வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறது.

“எப்ப கண்டீங்க நானா?”

“மொத நாளே கண்டேன்.”

“அஞ்சு நாளா ஏன் சொல்லல?”

“நான் எப்படி சேர் செல்ற? இது சாமி விஷயம். எடுங்கன்னு நான் சென்னா சரிவருமா? அதுதான் மத்த எல்லாத்தையும் பாத்துட்டு, கடைசியா இத கேப்போம்னு ஈந்தேன்.”

அந்த மூன்று தரம் அழித்ததும் பதினான்கு தரம் அணைத்ததும் அவருடைய மரியாதை என்று அப்போதுதான் விளங்கியது.

வீட்டில் சொன்னேன். மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவல் நின்றது.

“சாவு லிஸ்ட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்ட மனுசன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். சாவுக் காயிதத்துக்கு யாராவது சுழி போடுவாங்களா? பச்சப் புள்ளைக்கும் தெரியும்.”

“இது லிஸ்ட் இல்ல. லிஸ்ட் போடுற புரோகிராம்.”

“அப்ப குழி வெட்டுற மம்பட்டிக்கும் பொட்டு வைப்பீங்களோ?”

“ஆயுத பூஜைக்கு வைக்கிறோமே.”

அவள் மறுபடி துருவத் தொடங்கினாள். நாற்பத்தாறு வருடத்தில் நான் வாதத்தில் வென்றது அது மூன்றாம் தரம். வென்றும் நிம்மதி இல்லை. சாவுக் காரியத்தில் சுழி போட்டது பிழைதான் என்று எனக்கே பட்டது.

அன்று நாலரைக்குத் தலைவரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் தலையணையில் கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டார்.

“அதானே பாத்தேன்! ரெண்டு வாரத்துக்கு மேல இழுத்துக்கிட்டுக் கெடக்கேன், போகவும் முடியல, எழும்பவும் முடியல. நீங்க என் சாவுக்குப் பிள்ளையார் சுழியப் போட்டு வச்சா அது எப்படி நடக்கும்? அவரு குறுக்க உக்காந்துட்டாரு.”

“எடுத்துரவாங்க ஐயா?”

அவர் யோசித்தார். 

“எடுங்க. ஆனா அழிக்கப்படாது. மரியாதையா எடுத்து வேற எடத்துல வைக்கணும்.”

எங்கே வைப்பது? மறுநாள் நானாவும் நானும் ஒரு மணித்தியாலம் பேசினோம். கடைசி வரியில் வைத்தால் அவமரியாதை. புரோகிராம் வாசிக்காத குறிப்பு வரியாக இரண்டாம் வரியில் வைக்கலாம், ஆனால் பிள்ளையாரை இரண்டாவதாக நிறுத்துவதா? வழி கண்டவர் நானாதான். லினக்ஸுக்குள் போக வேண்டுமென்றால் விண்டோஸைக் கடந்துதான் போக வேண்டும். ஆகவே விண்டோஸ் பக்கத்தில், திரையின் முகப்பில், தனியாக ஒரு கோப்பு.

“வாசல்ல ஈக்கட்டும் சேர். எல்லாத்துக்கும் முந்தி அவர்தான்.”

எல்லாச் சுழிகளையும் ஒவ்வொன்றாக வெட்டி அந்தக் கோப்பில் ஒட்டினேன். நானா எழுந்து நின்றுகொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

புரோகிராம் ஓடியது. ஒரு ஏச்சுக்கூட இல்லை. பட்டியல் திரையில் வந்தது. நான் வாசித்தேன். கதிரைக்கு நாலு வருடத்துக்கு முன் செத்தவர். விறகுக்கு அவருடைய அண்ணன், அவர் அதற்கும் முந்திச் செத்தவர். ஒன்பது வேலைக்கும் ஒன்பது பிரேதம்.

இதுவும் என் பிழைதான். உயிரோடிருப்பவர்கள் ஒரு கோப்பு, இறந்தவர்கள் ஒரு கோப்பு. இரண்டுக்கும் ஒரே ஆங்கிலப் பெயர்தான் வைத்திருந்தேன். உயிரோடிருப்பவர்களுக்குத் தலையெழுத்துப் பெரிது, இறந்தவர்களுக்குச் சிறிது. லினக்ஸ் அதை வேறு வேறாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் பக்கத்தில் இரண்டும் ஒரே பெயர். வீட்டில் கோப்புகளை ஒரே இடத்தில் சேர்த்தபோது, “மாற்றிவிடவா?” என்று அது கேட்டிருக்கிறது. நான் மறுத்துப் பேசிப் பழகாதவன், ஆம் என்று அமத்தியிருக்கிறேன். இறந்தவர்கள் உயிரோடிருந்தவர்களின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல வேளை, பழைய வட்டில் இரண்டும் அப்படியே இருந்தன. இம்முறை விண்டோஸ் பக்கம் கொண்டுபோகாமல் நேரே லினக்ஸின் அறைக்குள் வைத்தோம். நூற்றுப் பதினெட்டுக் குடும்பமும் உயிர்த்தன.

இனி ஒரு சோதனை ஓட்டம் வேண்டும். அதற்குச் செத்தவர் பெயர் ஒன்று வேண்டும். இல்லாத பெயரைக் கொடுத்தால் புரோகிராம் ஏற்காது. உறுப்பினர் அல்லாதவர் சங்கத்தில் சாக முடியாதபடி நானே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். என் பெயரைப் போட விரல் போனது, பிறகு திரும்பி வந்தது. மனைவியிடம், அவள் பெயரைப் போடவா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“என் பேரப் போடுங்க” என்றார் தலைவர். “எப்படியும் போடத்தானே போறீங்க.”

சோதனைதானே என்பதால் ஒரு முன்னெச்சரிக்கை செய்தேன். பெயர் கொடுத்தவரை உயிரோடிருப்பவர் கோப்பிலிருந்து எடுத்து மற்றதில் சேர்க்கும் வரியை ஓடாதபடி நிறுத்தி வைத்தேன். உயிரோடு இருப்பவரை இறந்தவர்களோடு எழுத எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு நானாவின் கடையில் அச்சடித்தோம். புரோகிராம் எப்போதும் இரண்டு பிரதி அடிக்கும். ஒன்று சங்கத்துக்கு, ஒன்று கடைக் கதவுக்கு. நான் ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நானா ஜும்மாவுக்குப் போனார். கடையைப் பார்க்க வந்த அவருடைய மனைவி, அச்சு இயந்திரத்தில் கிடந்த மற்றப் பிரதியை எடுத்து, ஒன்பது வருடமாகச் செய்கிறபடி கதவில் ஒட்டினார். தலைவர் நல்ல மனுசன் என்று கொஞ்சம் அழுதாராம். ‘சோதனை’ என்று தாளில் எங்கேயும் நான் எழுதியிருக்கவில்லை.

இரண்டரைக்குத் தலைவரின் கட்டிலருகே உட்கார்ந்து பட்டியலை வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, வானொலியில் கச்சேரி கேட்பது போலக் கேட்டார்.

“கதிரை?”

“பல்லேபொலக்காரர்.”

“ஒழுங்கான ஆள். தறப்பாள்?”

“ஆத்தோரத்து வீடு.”

“ஓட்டை இருக்கும். பரவால்ல, மழை இல்லையே.”

அப்போது வாசலில் லேண்ட்மாஸ்டர் சத்தம். அந்தக் கை ட்ரக்டரின் பெட்டியில் கதிரைகள். ஓட்டிவந்த பல்லேபொலக்காரர் வெள்ளைச் சாரம் கட்டியபடி இறங்கி, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வந்து, ஜன்னலில் தலைவரின் முகத்தைக் கண்டார். வாயைத் திறந்தார். ஐந்தாம் விதி ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார். ஒன்றும் கேட்காமல் கதிரைகளை இறக்கத் தொடங்கினார்.

“எத்தன?” என்று தலைவர் உள்ளேயிருந்து கேட்டார்.

“அம்பத்தெட்டுங்க ஐயா. ரெண்டுக்குக் கால் ஒடஞ்சி போச்சு.”

“சரி, போதும்.”

பிறகு தறப்பாள் வந்தது. விறகு வந்தது. ஆட்கள் வந்தார்கள். நான் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் “சோதனைதான், சோதனைதான்” என்றேன். எல்லோரும் என் தோளைத் தட்டி, “மனச விடாதீங்க மாஸ்டர், எல்லாருக்கும் சோதனை வரும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். ஒரு அம்மா வாசல் படலையிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். நடுவில் தலைவரைக் கண்டதும் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார், ஆனால் எடுத்த பாட்டை அந்தரத்தில் விடக் கூடாதென்று முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். தலைவர் ஜன்னல் வழியாக அவருக்குத் தலையாட்டினார்.

நாலு மணிக்கு ஐம்பத்தெட்டுக் கதிரையும் நிறைந்து, பதினாறு பேர் நின்றார்கள். யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வெயில் அடித்தது. எல்லோரும் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

“தேத்தண்ணி எங்க?” என்றார் தலைவர். குரல் மாறியிருந்தது. “மாஸ்டர்! தேத்தண்ணி யாரு?”

அந்த வரியை நான் இன்னும் வாசித்திருக்கவில்லை. வாசித்தேன். மறுபடி வாசித்தேன்.

“ஐயா... உங்க பேருதாங்க.”

உயிரோடிருப்பவர் கோப்பிலிருந்து அவரை நான் எடுக்கவில்லை. தலைவருக்கு வேலை போடாதே என்று மரியாதைக்காக எழுதியிருந்த வரியும் நான் நிறுத்திய வரியோடு சேர்ந்து நின்றுபோயிருந்தது. தேத்தண்ணி வேலை செய்து அதிக நாளானவர் யார் என்று புரோகிராம் தேடியிருக்கிறது. இருபது வருடமாகத் தலைவருக்கு யாரும் எந்த வேலையும் கொடுத்ததில்லை, அதற்கு முன் செய்தவற்றிலும் தேத்தண்ணிதான் மிகப் பழையது. கணக்கு மிகச் சரி.

அவர் ஜன்னல் வழியாகக் கதிரைகளைப் பார்த்தார். பிறகு, “நாலாம் விதி என்ன மாஸ்டர்?” என்றார்.

“பட்டியலில் பெயர் வந்தவர் சாக்குச் சொல்லக் கூடாது.”

“எழுதினது யாரு?”

“நீங்கதாங்க.”

காலைக் கீழே வைத்தார். மகள் “அப்பா!” என்று ஓடிவந்தாள். “பேசாம அடுப்ப மூட்டு” என்றார். ஒரு கை அவள் தோளில், ஒரு கை என் தோளில். குசினிக்குப் பதினேழு அடி. அங்கே ஒரு கதிரையில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் கொதிக்கும் சத்தத்தைக் கேட்டார். தூளை முகர்ந்து, “இத யாரு வாங்கினது?” என்று ஏசினார். அதிலேயே போட்டு, எத்தனை நிமிடம் ஊற வேண்டும் என்று என் மணிக்கூட்டைப் பார்க்கச் சொல்லி, சரியாக ஐந்தில் வடித்தார். எழுபத்து நான்கு கோப்பை. நானே எண்ணினேன். கடைசியில் தனக்கு அரைக் கோப்பை ஊற்றி, நாக்கில் உருட்டி, “தூள் மட்டம்தான். ஊத்தினது பிழை இல்ல” என்றார்.

வந்தவர்கள் குடித்துவிட்டு எழுந்தார்கள். சிலர் ஜன்னலருகே வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல், “நல்லா இருந்துச்சுங்க ஐயா” என்றார்கள். பல்லேபொலக்காரர் மட்டும் லேண்ட்மாஸ்டர் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தார்.

“ஐயா, கதிரைய ஏத்திக்கிட்டுப் போறதா, விட்டுட்டுப் போறதா?”

தலைவர் என்னைப் பார்த்தார். “புரோகிராம்ல அதுக்கு என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லைங்க. ஆள் சாகாம இருந்துட்டா என்ன செய்யணும்னு நான் எழுதல்ல.”

“எழுதணும் மாஸ்டர். இப்படி அரைகுறையா வச்சிட்டா நான் எப்படிப் போறது?” என்று கட்டிலுக்குத் திரும்பினார். அன்று இரவு கஞ்சியோடு ஒரு முட்டையும் கேட்டாராம்.

அது பங்குனியில். இது ஆவணி. அவர் இப்போது பின்னேரங்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிவரை நடக்கிறார். நான் தினமும் நாலரைக்குப் போகிறேன். “சரியாயிருச்சா?” என்கிறார். “இன்னும் இல்லைங்க” என்கிறேன்.

அந்தப் பகுதிக்கு அதிகம் போனால் ஐந்து வரி. நானா இதுவரை ஆறு தரம் கேட்டுவிட்டார். நேற்றும் கேட்டார்.

“அஞ்சு வரிதானே சேர். தாங்க, நான் அடிச்சித் தாரேன்.”

“அவசரப்பட்டாப் பிழை வரும் நானா” என்று லெப்டொப்பை மூடினேன்.